கிக்கர் மட்டும் உள்ள பழைய 250 சிசி மோட்டார் சைக்கிள்: ஆறு வருடக் கணக்கு

கிண்ணியாவில் இருந்து ஒரு கூட்டாளி கேட்டான்: "மச்சான், உன்ட சைக்கிளைப் போலவே ஒண்டு விலைக்கு வந்திருக்கு. ரேஸ் பழக வாங்கலாமா?"

காற்றால் குளிரும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட் இல்லை, கிக்கரைக் காலால் மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கம்பனிப் பெயரைச் சொன்னால் சண்டை வரும், விடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை நிலாவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் இரண்டாம் கியரிலேயே மாடு மாதிரி இழுக்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில் மாதக்கணக்காகக் கொட்டிலில் கிடந்தது. பிறகு காபரேட்டரைக் கழுவிப் பூட்டியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. எஞ்சினை இன்னும் பிரிக்கவில்லை.

ஆனால் அந்தக் கிக்கர்! ஆறிய எஞ்சின் இரண்டு உதையில் பிடிக்கும். சூட்டோடு விழுந்து நின்றால் சனிதான். திறப்பை (சாவியை) மூடி, திரொட்டிலை முழுக்கத் திறந்து, நாலைந்து தரம் மெதுவாக மிதித்து உள்ளே தேங்கிய பெற்றோலை வெளியேற்ற வேண்டும். பிறகு திறப்பைப் போட்டு, திரொட்டிலைத் தொடாமல், கிக்கர் இறுகும் இடத்தைத் தேடி ஒரே மிதி. வீட்டு முற்றத்தில் இது எனக்குத் தண்ணி பட்ட பாடு. அநுராதபுரம் சாலியபுரவில், ஸ்டாண்டர்ட் 250 ரேஸில், செம்மண்ணில் விழுந்து எழுந்தபோது எல்லாம் மறந்துபோனது. செங்கல் மாதிரிச் சப்பாத்தோடு உதைத்துக்கொண்டே இருந்தேன். பத்துக்குப் பிறகு வேலியோரம் நின்ற பெடியன்கள் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார்கள்: "எகொளஹ, தொளஹ..." பதினாலில் பிடித்தது. அதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்று முடித்துவிட்டார்கள்.

அதற்காகவா 100 கிலோமீற்றருக்கு மேல் பட்டா என்ற சின்ன லொறி பிடித்துப் போனேன்? இந்த விளையாட்டில் மலிவு என்பதே பொய். லொறிக் கூலியைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு எஞ்சின் வாங்கியிருக்கலாம்.

இரண்டு கராஜ்களில் பிளக், அதற்குப் பொறி கொடுக்கும் சிடிஐ, காபரேட்டர் ஜெட் எல்லாம் மாற்றினார்கள். கடைசியில் உப்புவெளியில் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்) டாங்கியைக் கழற்றிவிட்டு, "தம்பி, வால்வ் பார்த்து எத்தினை வருசம்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வால்வ் இடைவெளி இறுகிக் கிடந்தது. கிக்கரை மிதிக்கும்போது எக்ஸோஸ்ட் வால்வை இலேசாகத் தூக்கிவிடும் சின்னக் கேபிள் ஒன்று உண்டு. அதையும் எவனோ இறுக்கிவைத்திருந்தான். எவனோ என்ன, நான்தான். பாஸ் அரை மணித்தியாலத்தில் சரிசெய்தார். பார்ட்ஸ் செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் நாலைந்து ரேஸுக்கு ஒருக்கால் வால்வ் இடைவெளி திரும்பவும் இறுகுகிறது. போன கிழமை மூன்றாம் தரம்.

கூட்டாளிக்குத் தெளிவாகச் சொன்னேன்: வேண்டாம், ஒரு 125ஐ வாங்கு, முழங்காலாவது மிஞ்சும். நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை நேரே வந்தான். மூன்று சுற்று ஓடி, வேண்டுமென்றே மணலில் சாய்த்து நிறுத்திவிட்டுக் கிக்கரில் காலை வைத்தான்.

ஒரே உதை. இப்போது என்னுடையதற்கே விலை கேட்கிறான்.