டிக்கி பீடிங்: ஒட்டுவதா, கவ்வ வைப்பதா?

அம்பாசடர் கார் உற்பத்தி 2014ல் நின்றது. கான்டெஸாவும் பத்மினியும் அதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்பே போய்விட்டன. இந்தப் பழைய கார்களுக்கு டிக்கி வாயைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, மாற்றப் போய், இன்று கடையில் யாராவது "கம்பெனி டிக்கி ரப்பர்" என்று எடுத்து நீட்டினால், அது வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்து இறுகிய சரக்காக இருக்கும். இல்லையென்றால் பார்த்துச் செய்த நகலாக இருக்கும். இவை போக, மீட்டர் கணக்கில் விற்கும் ஸ்பாஞ்ச் ரப்பர் உண்டு. உள்ளே கம்பி வைத்து விளிம்பைத் தானே கவ்விக்கொள்ளும் குழல் பீடிங் உண்டு. பின்பக்கம் பசையோடு வரும் ஃபோம் பட்டையும் உண்டு. நான்கும் டிக்கிக்குள் தண்ணீர் வராமல் தடுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

வாங்கப் போகும் முன் வீட்டில் ஒரு உருண்டை சப்பாத்தி மாவு கேட்டு வாங்குங்கள். பழைய ரப்பரை உரித்த பிறகு, புது ரப்பர் உட்காரும் வழியில் நான்கு மூலையிலும் நான்கு பக்க நடுவிலும் கட்டைவிரல் பருமனுக்கு மாவை வைத்து, மேலே பாலித்தீன் தாள் போட்டு, லாக் விழும்வரை மூடியை மூடித் திறக்கவும். அமுங்கிய மாவின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அங்கங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். நாற்பது வருடத்தில் இரண்டு மூன்று முறை டிங்கரிங் (தகட்டைத் தட்டி நிமிர்த்துவது), பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) எல்லாம் பார்த்த பாடியில் இடது மூலை 7 மி.மீ., வலது மூலை 10 மி.மீ. என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ரப்பரின் உயரம் இடைவெளியைப்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும்: 8 மி.மீ. இடைவெளிக்கு 12 மி.மீ. ரப்பர். அதற்குக் குறைந்தால் தண்ணீர் ஒழுகும், கூடினால் மூடி எம்பி நிற்கும். இடங்களுக்குள் வித்தியாசம் 4 மி.மீ.க்கு மேல் போனால் முதலில் கீலையும் லாக்கையும் சரிசெய்யுங்கள். அந்தக் கோணலை எந்த ரப்பரும் மறைக்காது.

நகல் பீடிங்கில் பார்வை அசலுக்குப் பக்கத்தில் இருக்கும், பள்ளத்தில் சரியாக உட்காரவும் செய்யும். கெடுவது கடினத்தில்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். சிரமமில்லாமல் பாதியாக அமுங்கி, விட்டதும் உடனே எழும்ப வேண்டும். அமுக்கவே பலம் தேவைப்பட்டால் அது திட ரப்பர், டிக்கிக்கு ஆகாது. ஓங்கி அடித்து மூடினால்தான் லாக் விழும். கொஞ்ச நாளில் லாக் தேயும், மூடியின் பின்மூலைகள் தூக்கிக்கொண்டு நிற்கும். மடக்கிப் பார்த்தால் மடிப்பில் முடிபோல் வெடிப்பு தெரிகிறதா? அது பழைய சரக்கு. விலை பேசவே வேண்டாம்.

ஸ்பாஞ்ச் ரப்பரில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இயற்கை ரப்பரை வெடிக்க வைப்பதுபோல் இதை வைக்காது. பாடி கோணலாக இருந்தால் இதுவே கைகொடுக்கும், 7 மி.மீ. இடத்தில் கூடுதலாகவும் 10 மி.மீ. இடத்தில் குறைவாகவும் அமுங்கி இரண்டையும் அடைத்துவிடும். வினை ஒட்டுவதில் இருக்கிறது. ஈபிடிஎம் லேசில் பசை பிடிக்காத ரப்பர். தயாரிக்கும்போது படிந்த வழவழப்பும் மேலே இருக்கும். ஒட்டும் முகத்தை 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டிய ரப்பர்தான் முதல் கோடையில் முழத்துக்கு முழம் தொங்குகிறது.

பாடியில் பழைய பசையைக் கரைக்கத் தின்னரை ஊற்றினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டு வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தெடுங்கள். அடியில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமரும் பெயிண்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மேற்கொண்டு வேலை. மண்ணெண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்தாலும் பசை நிற்காது என்பதால் கடைசியாக ஆல்கஹாலால் ஒரு துடைப்பு.

பசைக்கு 3எம் கறுப்பு வெதர்ஸ்ட்ரிப் பசை இந்த வேலைக்கென்றே உள்ளது. ஃபெவிகால் எஸ்ஆர் போன்ற ரப்பர் பசை எல்லாக் கடையிலும் கிடைக்கும், நிழலில் நிற்கும் வண்டிக்குப் போதும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியில் தகடு கை வைக்க முடியாமல் கொதிக்கும், அங்கே சாதாப் பசை இளகி ரப்பர் வழுக்கும். எதுவானாலும் இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு, விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு வரக்கூடாது, அப்போது அழுத்துங்கள். சென்னை வெயிலில் பசை சீக்கிரம் வறண்டுவிடுவதால் ஒரு தடவைக்கு 30 செ.மீ.க்கு மேல் பூசாதீர்கள். மழை நாளில் ஒட்டவே ஒட்டாதீர்கள், கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த பசைமேல் ஈரம் படிந்து பிடிப்புப் போய்விடும்.

இன்னொன்று: ரப்பரை இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்தது எப்படியும் சுருங்கும், மூலையில் உள்பக்கமாக எழும்பும், ஒட்டிய முனைகள் பிரியும். மாறாக, மூலைகளில் சற்றுத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே போங்கள். முனையை 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டையும் நெருக்கிச் சேர்க்க வேண்டும்.

குழல் பீடிங்கில் இந்தப் பாடு எதுவும் இல்லை. டிக்கி வாயைச் சுற்றி நிமிர்ந்த தகட்டு விளிம்பு இருந்தால், ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் அரை மணியில் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் கழற்றலாம், துருவைப் பார்க்கலாம், திரும்ப மாட்டலாம். ஆனால் விளிம்பின் கனம் தெரியாமல் வாங்கினால் காசு வீண். இரண்டு தகடு சேர்த்து ஸ்பாட் வெல்டு செய்த இடம் பெயிண்டோடு 2 மி.மீ.க்கு மேல் போகும். 1 முதல் 2 மி.மீ. வரை கவ்வும் பீடிங் அங்கே ஏறாது, ஏறினாலும் பிளந்துகொள்ளும். குழல் மேலே உள்ளதா, பக்கவாட்டில் உள்ளதா என்றும் பாருங்கள். மூடி எந்தப் பக்கம் வந்து அழுத்துகிறதோ அந்தப் பக்கம் குழல் இருக்க வேண்டும். குறுகலான மூலையில் குழல் மடிந்து சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் வழியாகவே தண்ணீர் இறங்கும்.

சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் புது மாடல் கார்களிலிருந்து கழற்றிய டிக்கி பீடிங் வளையமாகவே கிடைக்கும். தரமான சரக்குத்தான், நீளம் அதிகமிருந்தால் வெட்டிச் சேர்க்கலாம். குழல் ஒரு பக்கம் தட்டையாகப் படுத்துவிட்டதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், படுத்தது எழும்பாது. குழலில் சிறு காற்றுத் துளைகள் இருக்கும், அவற்றைப் பசையால் அடைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் மூடி திரும்ப எம்பும்.

ஃபோம் பட்டைக்கு ஒரு சோதனை போதும். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் வடிந்தால், அதே தண்ணீரை அது உங்கள் தகட்டின்மேலும் தேக்கி வைத்துத் துருவேற்றும். வடியாவிட்டால் ஒரு மழைக்காலத்தைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஆக, விளிம்பு நேராகவும் துருவில்லாமலும் இருந்தால் குழல் பீடிங். பள்ளம் வைத்த பாடி, அல்லது டிங்கரிங் பார்த்து நெளிந்த விளிம்பு என்றால் ஒட்டும் ஈபிடிஎம் ஸ்பாஞ்ச். பார்ப்பவர் அசல் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் வண்டிக்கு மட்டும், விரல் சோதனையில் தேறிய நகல்.

எதைப் போட்டாலும் இணைப்பு வரும் இடம் லாக்குக்குப் பக்கத்தில், நேர்ப்பகுதியில் இருக்கட்டும். பின்கண்ணாடிக்குக் கீழே வேண்டாம், கண்ணாடியில் வழியும் தண்ணீர் மொத்தமும் அங்கேதான் விழுகிறது. மூடியை ஒரு நாள் மூடியே வைத்து, அடுத்த நாள் பஸ் டிக்கெட் அகலத்துக்குக் காகிதத் துண்டுகளைச் சுற்றிலும் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி இறுக்கம் தெரிய வேண்டும். ரப்பர் படிய இரண்டு வாரம் ஆகும், அதற்குள் லாக்கைத் தளர்த்தாதீர்கள். ரப்பரில் கிரீஸோ எண்ணெயோ படக்கூடாது, ஈபிடிஎம் ஊறி உப்பிவிடும். சிலிகான் கிரீஸ் பரவாயில்லை.

கடைசியாக, டிக்கிக்குள் செய்தித்தாள் விரித்து, ஹோஸ் பைப்பைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோங்கள். தாள் எங்கே நனைகிறது என்று பார்த்தால் வழி தெரிந்துவிடும். பின்விளக்குக்கு நேர்கீழே நனைந்திருந்தால் ஒழுகுவது அந்த விளக்கின் கேஸ்கெட், அதாவது விளக்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள அடைப்பு. டிக்கி பீடிங்கைக் கழற்றாதீர்கள்.