ஹட்டனில் ஒரு மூச்சுப் பயிற்சி நிலையம்: ஆறு தடவை போய் வந்த பிறகு

ஹட்டன் நகரில் மருந்துக் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்துக்கு, மூன்று மாத காலத்தில் ஆறு தடவை சென்று வந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். எனக்கு வயது 47. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஆஸ்துமா வந்து 11 வருடங்களாகின்றன.

கடந்த வருடத்தில் மட்டும் தடுப்பு மருந்தின் (இழுப்பு வராமலிருக்க அன்றாடம் எடுக்கும் மருந்து) அளவு இரண்டு தடவை கூட்டப்பட்டது; பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையும் மூன்று தடவை எழுதித் தரப்பட்டது. மூச்சு முட்டல் மட்டும் குறையவில்லை. அரச வைத்தியசாலையின் மார்பு நோய் கிளினிக்குக்குப் புதிதாக வந்த வைத்தியர், பம்பை (இன்ஹேலரை) எப்படி இழுக்கிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். மருந்தைத் தவறாமல் எடுக்கிறேனா, மூக்கடைப்பும் நெஞ்செரிவும் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையையும் செய்வித்தார். சுவாசக் குழாய்கள் அன்று நன்றாகவே திறந்திருந்தன. நானோ அவருக்கு எதிரே அமர்ந்து, நிமிடத்துக்கு 24 தடவை மூச்சு வாங்கிக்கொண்டும், இடையிடையே பெருமூச்சு விட்டுக்கொண்டும் இருந்தேன். ஆஸ்துமா இருப்பது உண்மைதான், அதோடு மூச்சு விடும் பழக்கமும் பிசகியிருக்கிறது என்று கூறி அவர் என்னை இயன்மருத்துவரிடம் அனுப்பினார்.

நிலையத்தில் முதலில் தந்தது நைமேகன் கேள்வித்தாள். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பெயரைக் கொண்ட இத்தாளில் 16 அறிகுறிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இட வேண்டும். மொத்தம் 23 அல்லது அதற்கு மேல் வந்தால் மூச்சுப் பழக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். எனக்கு 31 வந்தது. 2001இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரும் ஆண்களில் ஐந்தில் ஒரு பங்கினரும் இந்த எல்லையைத் தொட்டிருந்தார்கள் என்பதால், என்னுடையது அபூர்வமான கதையன்று.

ஆயினும் இந்தப் புள்ளியை அப்படியே நம்பிவிடலாகாது. மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை ஆஸ்துமாவின் அறிகுறிகளும்தாமே. அது போதாதென்று, கை கால் சில்லிட்டுப் போகிறதா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது; 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் இதைக் கேட்டால், எந்த நோயும் இல்லாதவரும் தயங்காமல் 4 என்று போடுவார். தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால் உதவியாளரான தங்கை ஒருவர் வாயால் மொழிபெயர்த்துச் சொன்னார். வாயைச் சுற்றி இறுக்கம் என்ற வரிக்கு வந்ததும், "அக்கா, உதடு மரத்துப் போற மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். இறுக்கமும் மரத்துப்போவதும் ஒன்றல்ல என்றாலும், எனக்கு இருந்தது சரியாக அதுதான்.

இயன்மருத்துவரின் விளக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பல வருடங்களாக இழுப்பு வந்து பயந்து பயந்து, வேகமாகவும் மேல் நெஞ்சாலும் மூச்சு வாங்குவது நோய் தணிந்திருக்கும் நாட்களிலும் பழக்கமாக நின்றுவிடுகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. இரத்தத்தில் கட்டற்ற நிலையிலுள்ள கல்சியமும் குறைவதால் விரலும் உதடும் மரத்துப்போகின்றன. காற்றுப் போதாது என்ற உணர்வு இதனாலேயே எழ, நாம் இன்னும் ஆழமாக இழுக்கிறோம், அது இன்னும் மோசமாகிறது. போதாக்குறைக்கு வாயால் இழுக்கும் குளிர்ந்த, உலர்ந்த காற்று மூக்கில் சூடேறாமல் நேரே உள்ளே போய்ச் சுவாசக் குழாயை உண்மையாகவே சுருங்கவும் வைக்கும்.

பயிற்சி மிக எளிமையானது, அலுப்பூட்டுவதும்கூட. சாய்ந்து படுத்து, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைத்து, வயிற்றுக் கை மட்டும் உயரும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட வேண்டும். பிறகு அதையே உட்கார்ந்தும், நடந்தும், பேசிக்கொண்டும் செய்ய வேண்டும். பேசும்போது மூச்சு முடியும்வரை வசனத்தை இழுத்துச் செல்லும் வழக்கம் எனக்கு இருப்பது நான்காவது தடவையில்தான் தெரிய வந்தது. அமைதியாக இருக்கும்போது இப்போது நிமிடத்துக்கு 14 மூச்சு. கேள்வித்தாளில் 19 புள்ளி.

எனக்குக் கிடைத்த பெரும்பலன் இரண்டு முட்டல்களையும் பிரித்தறியக் கற்றதுதான். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் ஊதி அளவு விழுந்திருந்தால், அல்லது விசில் சத்தமும் இரவு இருமலும் இருந்தால், அது ஆஸ்துமா, உடனே பம்ப். அளவு வழமைபோல் இருந்து உதடு மரத்துப் பெருமூச்சாக வந்தால், தோளைத் தளர்த்தி உட்கார்ந்துவிடுவேன். இரண்டும் ஒன்றாகவும் வரலாம் என்பதால் ஊதிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று தடவை பிரெட்னிசொலோனில் ஒன்றாவது தேவைப்பட்டிருக்காது என்பது என் ஊகம்.

ஆகவே வாசலில் தொங்கும் "மருந்தில்லாத மூச்சு" என்ற பலகை எனக்குக் கோபத்தையே தருகிறது. பிரித்தானியாவில் 655 பெரியவர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட பரிசோதனையில், மூச்சுப் பயிற்சியால் அன்றாட வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. சுவாசப்பையின் செயற்பாடும் குழாய்களின் அழற்சியும் மாறவில்லை. அழற்சியை அடக்குவது தடுப்பு மருந்துதான். உள்ளே இயன்மருத்துவர் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பலகையைப் படித்துவிட்டுப் படியேறாமல் திரும்பிப் போகிறவரிடம் அதை யார் சொல்வது?

கட்டணம் ஒரு தடவைக்கு 3,000 ரூபா. தோட்டத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் முழுப் பேருக்கு (முழு நாள் வேலைக்கு) கிடைக்கும் சம்பளம் அது, பேருந்துச் செலவு தனி. ஆறு தடவைக்கும் முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். அதே பரிசோதனையில் நேரில் மூன்று தடவை கற்றவர்களுக்கும், காணொளியும் கையேடும் பெற்று வீட்டிலேயே பழகியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான் கிடைத்தது. அவர்கள் சாதாரண மருத்துவ நிலையங்களிலிருந்து வந்தவர்கள். நோய் எளிதில் அடங்காத எங்களைப் போன்றவர்களுக்கு நேரில் ஒருவர் பார்த்துத் திருத்துவது அவசியம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நான்கு தடவை போதும். கடைசி இரண்டில் நான் புதிதாக எதுவும் கற்கவில்லை. ஒரு தமிழ்க் காணொளியை அவர்களே எடுத்து வைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

இன்னொரு குறையும் உண்டு. மனக்கவலை பற்றி விரிவாக விசாரித்தவர்கள், வீட்டில் விறகடுப்பா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராவின் புகையில் சமைப்பவர் எவ்வளவு அழகாக வயிற்றால் மூச்சு விட்டாலும் உள்ளே போவது புகைதான்.

மூச்சு முட்டுபவர்களுக்கான இந்த நிலையத்தை அடைய 31 படிகள் ஏற வேண்டும் என்பதையும் பதிவு செய்கிறேன். தமிழில் விளக்கும் தங்கை சனிக்கிழமைகளில் மட்டுமே இருப்பார். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பம்பையும் பீக் ஃப்ளோ மீற்றரையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததுமே கேள்வித்தாளை நீட்டினால், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பதில் சொல்வதாகக் கூறுங்கள்.