டிசைனுக்குள் சமன்பாடு: எந்த வழி எதற்கு?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரத்து டியூஷன் சென்டர்களுக்கு எஸ்.பி.எம் (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) கணித போஸ்டரும் பயிற்சி நூலும் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். தமிழ் விளக்கம், படம், வண்ணம் எல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும். வர்க்கமூலத்துக்குள் ஒரு பின்னம் வந்தால் போதும், வேலை அங்கேயே நின்றுவிடும். கட்டளை வரிகளாக எழுதினால் கணிதத்தை அழகாக அமைத்துத் தரும் லேட்டெக் மென்பொருளில் அதை எழுதுவது பெரிய விஷயமில்லை. டிசைன் மென்பொருளுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாடு.

இருக்கிற வழிகளை நான் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன். அச்சில் சுத்தமாக வருமா? அச்சுக்குப் போகும் முந்தின நாள் ஆசிரியர் ஒரு குறியை மாற்றச் சொன்னால் மாற்ற முடியுமா?

திரையைப் படம் பிடித்து ஒட்டுவது இரண்டிலுமே தோற்றுவிடும். 600 பிக்சல் அகலமுள்ள படத்தை போஸ்டரில் 30 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 51 பிக்சல்தான் மிஞ்சும். நல்ல அச்சுக்கு 300 என்பது வழக்கம். அடுக்கில் இருப்பது 2-ஆ 3-ஆ என்று மாணவர்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய போஸ்டரைச் சுவரில் மாட்டவே கூடாது.

அடுத்தது பி.டி.எஃப். லேட்டெக்கில் ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகையைப் பயன்படுத்தினால், சமன்பாட்டின் அளவுக்கே வெட்டிய பி.டி.எஃப் கிடைக்கும். அதை அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் 'பிளேஸ்' கொடுத்து லிங்க்காக (கோப்பை வெளியே வைத்து இணைப்பாக மட்டும்) வைத்தால், எழுத்துரு அந்தக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் ஒன்றும் கெடாது. அதே கோப்பை 'ஓப்பன்' செய்தால் கதை வேறு. லேட்டெக்கின் வழக்கமான கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால், அதன் இடத்தில் வேறொரு எழுத்துரு வந்து உட்காரும். அப்புறம் பெரிய சிக்மா இருந்த இடத்தில் எக்ஸ் நிற்கும், தொகையீட்டுக் குறி இசட் ஆகிவிடும், வர்க்கமூலக் குறி சின்ன பி ஆகிவிடும். அந்த எழுத்துருவில் இந்தக் குறிகள் அதே ஆங்கில எழுத்துகளின் இடங்களில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துரு போனதும் அந்த எழுத்துகள் வெளியே தெரிகின்றன. இதில் ஆபத்து என்னவென்றால், எக்ஸும் இசட்டும் கணிதத்தில் சாதாரணமாக வருபவைதானே! பிழை திருத்துபவர் கண்ணில் படாமலே அச்சேறிவிடும். திறந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவசக் கருவி கொண்டு எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக, மாற்றிக்கொள்ளுங்கள்.

எஸ்.வி.ஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் பட வடிவம்) வழியில் இந்தத் தொல்லை இல்லை. இணையப் பக்கங்களில் கணிதம் காட்டும் மேத்ஜாக்ஸ் தரும் எஸ்.வி.ஜி.யில் ஒவ்வொரு குறியும் கோட்டுருவமாகவே வரும், எழுத்துரு தேவைப்படாது. இணையப் பக்கத்துக்கும் ஸ்லைடுக்கும் இதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் எஸ்.வி.ஜி.யின் வண்ணம் திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்.ஜி.பி. அதைத் தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட் அச்சுக்காக, நான்கு மை முறையான சி.எம்.ஒய்.கே ஆக்கும்போது கறுப்பு பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடும். தகடு இம்மியளவு விலகினாலும் மெல்லிய பின்னக் கோட்டின் ஓரத்தில் வண்ணம் கசியும். லேட்டெக்கின் பி.டி.எஃப்.பில் கறுப்பு இயல்பாகவே தனிக் கறுப்பு. கோலாலம்பூரில் ஆஃப்செட் அச்சகத்துக்குப் போகும் வேலை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பி.டி.எஃப் பக்கம்தான் நிற்பேன். லேட்டெக் மூலத்தைத் திருத்தி, பி.டி.எஃப்.பை மறுபடி அதே பெயரில் உருவாக்கினால் லிங்க்கும் புதுப்பிக்கப்படும், ஆக இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போது லிங்க் கோப்புகளையும் சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள்.

இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுடன், அதற்குள் லேட்டெக் சமன்பாடு எழுத உதவும் டெக்ஸ்டெக்ஸ்ட் நீட்சி. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சமன்பாட்டின் மூல வரி படத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது; ஆறு மாதம் கழித்துத் தேர்ந்தெடுத்தாலும் லேட்டெக் வரி அப்படியே திரும்ப வரும். கணினியில் லேட்டெக் நிறுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: இங்க்ஸ்கேப்பில் 'கொ', 'கை' போன்ற எழுத்துகள் தானாகவே சரியாக அமையும். இல்லஸ்ட்ரேட்டரில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆனால் இங்க்ஸ்கேப்பும் ஆர்.ஜி.பி உலகத்தைச் சேர்ந்ததுதான். பத்துப் பதினைந்து போஸ்டரை இங்க்ஜெட்டில் அடிப்பதற்கு அது ஒரு குறையே இல்லை. ஆயிரம் பிரதி ஆஃப்செட் என்றால் வேண்டாம்.

பயிற்சி நூலுக்கு இவை எதுவுமே ஒத்துவராது. வரிக்கு நடுவே சமன்பாடு வரும்போது, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வைத்த பி.டி.எஃப்.பின் அடிவிளிம்பு வரியின் அடிக்கோட்டில் போய் உட்காரும். பின்னமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரால் முடியும்? அதற்கு உள்பக்கங்கள் முழுவதையும் ஸீலேட்டெக்கில் (தமிழ் எழுத்துருக்களையும் கையாளும் லேட்டெக் வகை) அமைப்பதே நல்லது. தமிழ் எழுத்துருவும் கணிதமும் ஒரே வரியில் ஒழுங்காக நிற்கும். அட்டையை மட்டும் இல்லஸ்ட்ரேட்டரில் செய்துகொள்ளலாம்.