ரோமர் கோட்டைகளுக்காக வாங்கிய வைட் லென்ஸ்: நான்கு வருடத்துக்குப் பிறகு

கீழை ரைன் ஆற்றங்கரையில் கோட்டைகளாக நீண்டிருந்த ரோமானிய எல்லை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்தின் வடகடல் கரை வரை சுமார் 400 கிலோமீட்டர், மொத்தத்தையும் படம் எடுத்துவிடலாம் என்ற வேகத்தில், அகலமான காட்சியைப் பிடிக்கும் 16-35 மி.மீ. வைட் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். லென்ஸில் குறை இல்லை, ஓரங்கள்கூட நன்றாகத்தான் வருகின்றன. தப்பு என் கணக்கில். ரோம் என்றால் தூணும் வளைவும் என்று நினைத்துப் போனேன். நெதர்லாந்துப் பக்கத்து ரைன் டெல்டாவில் கல்லே கிடையாது, முதலில் மண்ணாலும் மரத்தாலும் கட்டினார்கள், அப்புறம் வெளியிலிருந்து வந்த கல்லையும் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் தரைக்கு அடியில். லென்ஸை மிக அகலமான 16 மி.மீ.-இல் வைத்துப் பார்த்தால் பாதி வானம், பாதி புல்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் மாட்டிலோ கோட்டை இருந்த இடத்தில் மண்கரையைத் திரும்ப எழுப்பிப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். உச்சிவெயிலில் அது வெறும் பச்சை மேடு. விடிந்த அரை மணிக்குள், நிழல் நீளமாக விழும்போது, தள்ளி நின்று, தூரத்தைக் கிட்டே இழுக்கும் வேறொரு 85 மி.மீ. லென்ஸில் எடுத்தால்தான் அது மண்கரையாக நிமிர்ந்து நிற்கிறது. இது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, வெட்கம்தான்.

நெதர்லாந்தின் இன்னொரு நகரமான உட்ரெக்டின் டோம் சதுக்கத்தில் கோட்டைச் சுவர் போன வழியைத் தரையில் எஃகுப் பட்டையாகப் பதித்திருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் போங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மட்டும் லென்ஸில் போடாதீர்கள், ஈரத்தின் பளபளப்பு போய்விட்டால் கோடும் கல்தரையோடு கலந்துவிடும். ஒரு மாலை முழுக்க அப்படி வீணாக்கியவன் சொல்கிறேன்.

அதே ஊரின் ஹோகே வூர்ட் அருங்காட்சியகத்தில் ஈரக் களிமண்ணில் காற்றுப் படாமல் கிடந்து தப்பிய ரோமானிய சரக்குப் படகு இருக்கிறது, 25 மீட்டர் நீளம். இங்கே வைட் கை கொடுக்கும் என்று நம்பினேன். முனையிலிருந்து எடுத்தால் முன்பக்கம் பூதமாக வீங்கி, பின்பக்கம் தீப்பெட்டி ஆகிவிடுகிறது. 35-இல் பக்கவாட்டில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதே மேல். குளிர்காலம் என்றால் உள்ளே போனதும் லென்ஸில் பனி படியும், கேமராவை இருபது நிமிடம் பையிலேயே விடுங்கள்.

வைட் லென்ஸ் உண்மையிலேயே காசுக்கு வேலை செய்தது ஜெர்மனியின் சான்டனில்தான். அங்கே துறைமுகக் கோயிலின் ஒரு பகுதியையும் ஆம்பிதியேட்டரையும் புதிதாகக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்க ஏதாவது இருக்கிறது. அங்கே போகிற அன்று மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன்.