யோகர் சுவாமி சமாதி, கொழும்புத்துறை: வானில் போகாதீர்கள்

வான் என்றால் ஆகாயம் இல்லை, ஹையேஸ் வான். லண்டனிலிருந்து வந்த சின்னம்மா குடும்பத்துக்காக, யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி வாழ்ந்த இடங்களைக் காட்டும் ஒரு 'ஆன்மீகச் சுற்றுலா' பிடித்தோம், பெயர் வேண்டாம், ஆளுக்கு 3,500 ரூபா. நல்லூர்க் கோயில், யோகரின் அடியார்கள் தியானம் செய்யும் சிவதொண்டன் நிலையம், அவரது சமாதி இருக்கும் கொழும்புத்துறை எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முடித்துத் தருவார்களாம். முடித்தும் தந்தார்கள், அதுதான் பிரச்சினையே.

வழிகாட்ட வந்த தம்பி நல்ல பிள்ளை, ஆனால் பாடமாக்கி வந்ததில் பாதி பிழை. பைபிளைத் தமிழாக்க உதவியவர் யோகர் என்று சொன்னார். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து அந்த வேலை செய்தவர் ஆறுமுக நாவலர் ஐயா. நாவலர் 1879இல் காலமானபோது யோகருக்கு ஏழு வயது. சரி, அதை விடுவோம். வண்ணார்பண்ணை சிவதொண்டன் நிலையத்தில் மௌனம்தான் சட்டம், அங்கே போய் அந்தத் தம்பியின் போன் சினிமாப் பாட்டோடு அடித்தபோது எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. கொழும்புத்துறையில் கொடுத்தது 15 நிமிடம். செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, திரும்ப மாட்டவே அது சரி. "உவ்வளவும்தானோ?" என்று சின்னம்மா கேட்டா. அவவில் பிழை இல்லை. கோபுரம் தேர் என்று பார்த்துவிட்டு வருகிறவருக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லைத்தான்.

அடுத்த கிழமை தனியாகச் சைக்கிளில் போனேன். இந்த மதிப்புரை உண்மையில் அந்தப் போக்குக்குத்தான்.

தொடங்க வேண்டிய இடம் நல்லூர்த் தேரடி. விசர்ச் செல்லப்பா என்று ஊர் சிரித்த, யோகரின் குருவான செல்லப்பா சுவாமி இருந்த இடம் அது, "ஆரடா நீ?" என்று அவர் யோகரை அதட்டியதும் அங்கேதான். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த மனிதர் அந்த ஒரு கேள்வியோடு வேலையை விட்டுவிட்டு வந்து, பிறகு கொழும்புத்துறையில் ஒரு இலுப்பை மரத்தடியில் வெயில் மழை பாராமல் வருஷக்கணக்காக இருந்தார் என்பதை வானுக்குள் ஏசியில் இருந்து கேட்டால் கதை, தேரடியிலிருந்து வேர்க்க வேர்க்கச் சைக்கிள் மிதித்துப் போகும்போது நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. தூரமும் அதிகமில்லை.

இரண்டாவது, யோகரின் பாட்டுகள் அடங்கிய நற்சிந்தனையை வாசித்துவிட்டுப் போங்கள். அம்மாவின் பழைய பிரதியை, முதுகு கழன்ற புத்தகம், பையில் கொண்டு போனேன். பண்டிதத் தமிழ் இல்லை, தேவாரம் தெரிந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பிடிபடும் பாட்டுகள். சமாதிக்கு முன்னால் ஒரு மூலையில் இருந்து மனதுக்குள் வாசித்தேன், ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. 'எப்பவோ முடிந்த காரியம்', 'ஒரு பொல்லாப்புமில்லை', 'நாமறியோம்', 'முழுதும் உண்மை' என்ற யோகரின் நான்கு மகாவாக்கியங்களும் எங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் சொல்வதுதான். ஆனால் அங்கே இருந்தபோது முதலாவது என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. போன வருஷம் அப்பா போனதிலிருந்து என்னென்னவோ செய்திருக்கலாம் என்று மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே எழுதத் தெரியவில்லை.

யோகர் ஆரையும் ஏசிக் கலைத்துவிடக்கூடியவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இலங்கையின் மகாதேசாதிபதியாக இருந்த ஆங்கிலேயர் சோல்பரி பிரபுவின் மகனே அவரிடம் சீடனாகி சந்தசுவாமி ஆனார். அப்படிப்பட்டவர் 15 நிமிட வானைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சைக்கிளில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இடத்துக்கு 5க்கு 5. வான்காரருக்கு 1, அதுவும் தண்ணிப் போத்தல் குளிராக இருந்ததால். குருபூசை பங்குனி ஆயிலியத்தில் வரும், சனம் வேண்டாம் என்றால் அன்றைக்குப் போகாதீர்கள், சாதாரண நாளில் வெள்ளனப் போங்கள். போனை அணைத்துவிடுங்கள், சைலன்ற் போதாது. பின்னேரம் போனால் நுளம்பு கடிக்கும், அது என் அனுபவம்.