வைஃபை திருத்தம் என்று 18,500 ரூபா: யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்தக் கொடுப்பவர்கள் கவனியுங்கள்

நேற்று இரவுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை. 18,500 ரூபா. இரவிரவாகத் தொண்டை வறளப் படிப்பித்துச் சேர்த்த காசு. நடந்ததைச் சொல்லிவிட்டு, வைஃபை அறுந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விபரமாக எழுதுகிறேன்.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். இலண்டனில் உள்ள பிள்ளைகளுக்குச் சூமில் தமிழ் படிப்பிக்கிறேன். அங்கே கோடையில் பின்னேரம் 4 மணி என்றால் இங்கே இரவு 8.30. இரண்டு மாதமாக லப்டொப்பில் வைஃபை அறுந்து அறுந்து வந்தது. பத்து நிமிடம் ஒழுங்காக இருக்கும், பிறகு மூலையில் இருக்கும் வைஃபை அடையாளம் போய் உலக உருண்டை வந்து நிற்கும். நிறுத்திப் போட்டால் திரும்ப வரும். அதற்குள் "ரீச்சர், உங்கட முகம் அப்பிடியே நிக்குது" என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தியே விட்டார்.

அதனால்தான் அந்தக் கடைக்குப் போனேன். யாழ். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், போனும் லப்டொப்பும் திருத்துகிற ஒரு கடை. பெயர் எழுதவில்லை, முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.

கடையில் இருந்த பொடியன் அவ்வளவு மரியாதை. மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டான். என் கண்ணுக்கு முன்னாலேயே அடித்தட்டைக் கழற்றி, ஒரு தூரிகையால் தூசு தட்டி, விரல் நகம் இரண்டு சேர்ந்த அளவில் ஒரு சின்னப் பலகையைக் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வயர் இரண்டு அதில் பொருத்தியிருந்தது. "ரீச்சர், இதுதான் வைஃபை கார்ட். சூடாகிப் பழுதாப் போச்சு. மாத்தினா ஒரு பிரச்சினையும் வராது. உங்களுக்கு வகுப்பு இருக்கெல்லோ, நாளைக்கே தாறன்" என்றான். வகுப்பு இருக்கிறது என்று நினைவு வைத்துச் சொன்னானே, அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். வேறு கடையில் விலை கேட்கவில்லை. "சரி தம்பி, செய்யுங்கோ" என்று சொல்லி லப்டொப்பை விட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் 18,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். சிட்டை கேட்டதற்கு, கடை அட்டையின் பின்பக்கத்தில் "வைஃபை 18500" என்று பேனாவால் எழுதித் தந்தான்.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் வகுப்பில் பழையபடி உருண்டை. அதோடு இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் ரவுட்டர் காட்டும் வைஃபைக்கு இரண்டு பெயர், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும் (போன் 5ஜி இல்லை, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை). லப்டொப்பில் எப்போதும் அதில்தான் இணைவேன். இப்போது அந்தப் பெயரே லப்டொப்பில் காட்டவில்லை, போனில் மட்டும் காட்டுகிறது.

திரும்பப் போனேன். "ரவுட்டர் பிரச்சினை ரீச்சர்." இணைப்புத் தந்தவர்களைக் கூப்பிட்டேன். வந்தவர் லப்டொப் பக்கத்திலேயே போனை வைத்துப் பார்த்து, லைனில் குறை இல்லை என்று போய்விட்டார். மறுபடி போனேன். "விண்டோஸ் அப்டேட் செய்ததால வந்தது." அப்புறம் "முதலாளி கொழும்புக்குப் போட்டார், வெள்ளிக்கிழமை வாங்கோ." வெள்ளி போனால், "வொறண்டி வைஃபை கார்டுக்கு மட்டும்தான், இது வேற பிழை." பழைய கார்டைத் தாருங்கள் என்றேன். எறிந்தாயிற்றாம். முந்தாநாள் வாட்ஸப்பில் எழுதினேன், பார்த்துவிட்டுப் பதில் இல்லை. பிறகு என்னை புளொக் செய்துவிட்டான். ரீச்சர் ரீச்சர் என்று கூப்பிட்ட அதே பொடியன்.

நேற்று அண்ணாவின் மகன் வந்தான். கம்பஸில் படிக்கிறான். விண்டோஸில் லப்டொப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமி, இது 'N' வகைக் கார்ட், 2.4 கிகாஹேர்ட்ஸில மட்டும்தான் வேலை செய்யும். 5ஜி பெயர் காட்டினதெண்டா முதல் இருந்தது இதைவிட நல்லது" என்றான். அடித்தட்டைக் கழற்றினால் வெள்ளை வயர் பொருத்தாமல் ஓரத்தில் கிடக்கிறது! கார்டின் விளிம்பில் பழைய பசை. எங்கோ கழற்றியதைக் கொண்டுவந்து எனக்குப் போட்டிருக்கிறார்கள். வயரை 'டிக்' என்று அழுத்திப் பொருத்தினான். பிறகு, மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்றிருந்த இடத்தில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டான். நேற்று இரவு வகுப்பு முடியும்வரை ஒரு தடவைகூட அறவில்லை. முதலிலேயே அந்த ஒரு அடையாளத்தை எடுத்துப் பார்த்திருந்தால் என் நல்ல கார்டும் 18,500 ரூபாவும் என்னிடம் இருந்திருக்கும்.

விபரமாக எழுதுகிறேன் என்றேன், வகுப்புக்கு நேரமாகிறது. அவசரமாகச் சொல்கிறேன். லப்டொப்பில் அறும்போது பக்கத்தில் போனையும் அதே வைஃபையில் வைத்துப் பாருங்கள். போனிலும் அறுந்தால் ரவுட்டர் அல்லது லைன், போனில் நின்றால் லப்டொப். லப்டொப் என்றால் டிவைஸ் மனேஜரில் நெட்வொர்க் அடப்டர்ஸ், அதில் வைஃபை கார்டின் பெயர், பிறகு பவர் மனேஜ்மென்ட் பக்கம், அங்கே நான் மேலே சொன்ன சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில புது லப்டொப்களில் அந்தப் பக்கம் இருக்காது, அப்படியென்றால் லப்டொப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) எடுத்துப் போடுங்கள். கடைக்குக் கொடுக்கும் முன் அந்தக் கார்டின் பெயரைப் போனில் படம் எடுத்து வையுங்கள், நான் செய்யவில்லை. கழற்றிய கார்டைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். அச்சடித்த சிட்டை கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்த அட்டை ஒன்றுதான், திங்கட்கிழமை அதோடு போகிறேன். இதே மாதிரி அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் காசு கொடுத்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.