சிசேரியன் ஸ்பைனலில் புபிவக்கைனுடன் எதைச் சேர்ப்பது: ஃபென்டனிலா, மார்ஃபினா, டெக்ஸ்மெடா (டெக்ஸ்மெடெடோமிடின்)?

முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதுதான் ஸ்பைனல். மரக்க வைக்கிற ஹெவி புபிவக்கைன் மட்டும் போட்டாலே தோலை வெட்டுவது தெரியாது. தொல்லை அதற்கப்புறம்தான். குழந்தையை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை வெளியே வைத்துத் தைக்கும்போதும், வயிற்றுக்குள் ரத்தத்தைத் துடைக்கும்போதும் "நெஞ்சுகிட்ட என்னமோ இழுக்குது டாக்டர், வாந்தி வருது" என்பார்கள். அதற்காகத்தான் சிரிஞ்சில் இன்னொரு மருந்து. நான் சேர்ப்பது ஃபென்டனில். சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துவிடட்டும்.

2 மி.லி. ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம். அரை மி.லி. எடுத்தால் 25, சிசேரியனுக்கு நான் 15, 20-உடன் நிறுத்திக்கொள்வேன். கொழுப்பில் கரையும் மருந்து, சில நிமிடங்களில் தண்டுவடத்துக்குள் இறங்கிவிடும், மூளைப் பக்கம் அதிகம் ஏறாது. அந்த வயிற்றுக்குள் இழுக்கிற தொந்தரவு நன்றாகக் குறையும், புபிவக்கைனையும் கொஞ்சம் குறைத்துப் போடலாம், அதனால் பிரஷர் தடாலென்று விழுவதும் குறையும். அரிப்பு உண்டு, சிலர் தையல் முடியும்வரை மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பார்கள். பெரிய குறை, இரண்டு மூன்று மணி நேரத்தில் இதன் வேலை தீர்ந்துவிடும்.

வலியை மட்டும் பார்த்தால் மார்ஃபின்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. 100 மைக்ரோகிராம் போட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் தாங்கும். ஆனால் அது தண்ணீரில் கரையும் மருந்து, தண்டுவட நீரோடு மெல்ல மெல்ல மேலே போகும், மூச்சு மந்தமாவது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஆரோக்கியமான தாய்க்கு 150-க்குள் போட்டால் அது மிக அரிது, உண்மைதான். அமெரிக்க மகப்பேறு மயக்கவியல் சங்கம் 2019-ல் அப்படிப்பட்டவர்களுக்குக் கண்காணிப்பைத் தளர்த்தியே சொன்னது: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, 12 மணி நேரம் வரை, மூச்சும் மயக்கநிலையும் பார்க்க வேண்டும். அதைத்தான் யார் பார்ப்பது? நம் ஊர் நர்சிங் ஹோம்களில் பாதி இடத்தில் மயக்க மருத்துவர்களான நாங்கள் கேஸுக்கு வந்து போகிறவர்கள், தையல் முடிந்ததும் அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துவிடுவோம். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு மாடிக்கும் ஒரே சிஸ்டர். அவர் விரலில் மாட்டியிருக்கிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பார்த்து 98 என்று எழுதிவிட்டுப் போவார். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு நிமிடத்துக்கு எட்டாக இறங்கினாலும் அந்த 98 அப்படியே நிற்கலாம். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும், ட்ராலியில் மார்ஃபினை முறிக்கிற நலாக்ஸோன் இருக்க வேண்டும். உடல் பருமன், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் ஓடுவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தளர்வு செல்லாது. மயக்க மருத்துவர் ராத்திரியும் வளாகத்திலேயே இருக்கிற மருத்துவக் கல்லூரி என்றால் நானே மார்ஃபின் பக்கம் சாய்வேன்.

இன்னொன்று, மார்ஃபின் ஆம்பியூலில் இருப்பது 10 மி.கி. அல்லது 15 மி.கி. 10 மி.கி.-யில் நூறில் ஒரு பங்குதான் நமக்கு வேண்டும், இரண்டு தடவை கலக்க வேண்டும். அவசர சிசேரியனில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு. கெடாமலிருக்கச் சேர்க்கிற பிரிசர்வேட்டிவ் இல்லாததுதானா என்றும் பார்க்க வேண்டும்.

டெக்ஸ்மெடுக்கு நார்கோட்டிக் (போதை மருந்து) பதிவேடு, பூட்டு சாவி எதுவும் கிடையாது, சின்ன இடங்களில் அது பரவியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். 5 மைக்ரோகிராம் போதும், 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் இரண்டே கோடு. நீளமான கால் எலும்பு ஆபரேஷனுக்கு அருமை, அரிப்பு இல்லை. ஆனால் நாடித்துடிப்பு குறையும், கால் அசைய நேரமாகும், சீக்கிரம் எழுந்து குழந்தையைத் தூக்க வேண்டிய தாய்க்கு அது எதற்கு? லேபிளில் நரம்பு வழி மட்டும்தான் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதே போலச் சேர்க்கிற க்ளோனிடினைக் கொஞ்சம்தான் போட்டிருக்கிறேன், பிரஷர் விழுவது பிடிக்காமல் விட்டுவிட்டேன். தொடர்ந்து போடுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். ப்யூப்ரநார்ஃபின் 60 மைக்ரோகிராம் போடுகிற சீனியர்கள் அதை விட மாட்டார்கள், எனக்கு அதில் வாந்திதான் அதிகம் தெரிந்தது.

ஃபென்டனில் விட்ட இடத்தை நிரப்ப ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றுச் சுவர் நரம்புகளை மரக்க வைக்கிற டாப் பிளாக், அப்புறம் கேட்டால் கொடுக்கலாம் என்றில்லாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாராசிட்டமால், சிறுநீரகமும் பிளேட்லெட்டும் சரியாக இருந்தால் டைக்ளோஃபெனாக். இதை மட்டும் கேஸ் ஷீட்டில் நானே எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன்.